ஃபேன் நின்னுடுச்சு, அதனால கரண்ட் போச்சு: இது ஏன் இன்வேலிட்?

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவ சொல்லிடறேன். "கரண்ட் போனா ஃபேன் நிக்கும். ஃபேன் நின்னுடுச்சு. அதனால கரண்ட் போச்சு"ன்னு ஒரு ஆர்க்யுமென்ட் எடுத்து கையால ட்ரூத் டேபிள் (உண்மை, பொய்யோட எல்லா சேர்க்கையையும் வரி வரியா எழுதற அட்டவணை) போட்டீங்க, இன்வேலிட்னு, அதாவது செல்லாதுன்னு வந்துச்சு. ஆனா அன்னைக்கு உங்க வீட்ல நெஜமாவே கரண்ட் போயிருந்துச்சு, தெருவே இருட்டு. அதையே ஃப்ரெண்டு எக்செல்ல போட்டா வேலிட்னு வருது. முடிவு உண்மையா இருக்கும்போது டேபிள் எப்படி இன்வேலிட்னு சொல்லலாம், ரெண்டு பேர்ல யாரு சரி, எந்த ஆர்க்யுமென்ட வேணாலும் இதுல போட்டுப் பாக்கலாமான்னு மூணு கேள்வியா கேட்டிருக்கீங்க. மூணுக்கும் அடியில இருக்கறது ஒண்ணுதான், டேபிள் எதப் பத்தி தீர்ப்பு சொல்லுதுங்கறது. நான் ஒரு கலைக் கல்லூரியில தமிழ் மீடியம் பி.எஸ்சி. மேத்ஸ் பசங்களுக்கு இத ரொம்ப வருஷமா எடுக்கறேன், ஒவ்வொரு பேட்ச்லயும் யாராவது ஒருத்தர் இதே இடத்துல வந்து நிப்பாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மொதல்ல உங்க டேபிளையே பாத்துடுவோம். "கரண்ட் போச்சு"ங்கறத க-ன்னு வைங்க, "ஃபேன் நின்னுச்சு"ங்கறத ந-ன்னு வைங்க. நாலே வரிதான் வரும். முதல் வரியில ரெண்டும் உண்மை. ரெண்டாவதுல க உண்மை, ந பொய். மூணாவதுல க பொய், ந உண்மை. நாலாவதுல ரெண்டும் பொய். "க-ன்னா ந"ங்கற கூற்று ரெண்டாவது வரியில மட்டும் பொய், மத்த மூணுலயும் உண்மை. இப்போ நீங்க தேட வேண்டியது ஒரே ஒரு கெட்ட வரிய: ப்ரெமிஸ் (ஆதாரமா வைக்கற கூற்று) எல்லாம் உண்மையா இருந்து, கன்க்ளூஷன் (முடிவு) மட்டும் பொய்யா இருக்கற வரி. அப்படி ஒண்ணு கூட இல்லன்னா வேலிட், ஒண்ணு இருந்தாலும் இன்வேலிட், அவ்ளோதான் விதி. உங்க ப்ரெமிஸ் ரெண்டும் உண்மையாகறது முதல் வரியிலயும் மூணாவது வரியிலயும். முதல் வரியில கன்க்ளூஷன் உண்மை. மூணாவதுல பொய். மாட்டிக்கிச்சு. பசங்க இங்க செய்யற பெரிய தப்பு, கடைசி நிரல மட்டும் பாத்துட்டு "சார் ரெண்டு உண்மை ரெண்டு பொய், பாதி வேலிட்"ம்பாங்க. பாதி வேலிட்னு ஒண்ணு கிடையாது. ப்ரெமிஸ்ல ஏதாவது ஒண்ணு பொய்யாகற வரிய பென்சிலால அடிச்சுடுங்க, அந்த வரிக்கும் நமக்கும் சம்பந்தமே இல்ல.

அந்த மூணாவது வரி என்ன சொல்லுதுன்னா, கரண்ட் இருக்கு ஆனா ஃபேன் நின்னுருக்கு. இது கற்பனை இல்ல, போன கோடையில எங்க வீட்ல நடந்துச்சு. ராத்திரி ஃபேன் நின்னுச்சு, நான் தூக்கக் கலக்கத்துல கரண்ட் போச்சுன்னு முடிவு பண்ணி விசிறிய தேடறேன், என் பொண்ணு "அப்பா ஃபிரிட்ஜ் லைட் எரியுதே"ங்கறா. சுவிட்ச போட்டா உம்முனு ஒரு சத்தம் மட்டும், ஒட்டடைக் குச்சியால றெக்கைய ஒரு தள்ளு தள்ளினா மெதுவா சுத்துது. எலக்ட்ரீஷியன் மேல ஏறக்கூட இல்ல, கேட்டதுமே கப்பாசிட்டர்னுட்டார், 2.5 மைக்ரோஃபாரட் ஒண்ணு மாத்தினதும் சரியாயிடுச்சு. அன்னைக்கு எங்க வீடு மூணாவது வரியில இருந்துச்சு, உங்க வீடு அன்னைக்கு முதல் வரியில இருந்துச்சு. ஆர்க்யுமென்ட் ரெண்டு வீட்லயும் அதேதான். டேபிள் "உங்க வீட்ல கரண்ட் போகல"ன்னு சொல்லவே இல்லங்க. கையில இருக்கற ரெண்டு தகவல வெச்சு மட்டும் கரண்ட் போச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, அதே தகவல் எங்க வீட்டுக்கும் பொருந்துதேங்குது. உங்களுக்கு முடிவு சரியா அமைஞ்சது தெரு இருட்டா இருந்ததால, அந்த தகவல் உங்க ப்ரெமிஸ்ல இல்ல.

இதே ஜோடிய திருப்பிப் போட்டா இன்னொரு விஷயம் தெரியும். "கரண்ட் போனா ஃபேன் நிக்கும். ஃபேன் நிக்கல. அதனால கரண்ட் போகல." இப்ப ப்ரெமிஸ் ரெண்டும் உண்மையாகறது நாலாவது வரியில மட்டும்தான், அங்க கன்க்ளூஷனும் உண்மை, அதனால வேலிட். இதுல எந்த சந்தேகமும் இல்ல. ஆனா வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா? கரண்ட் போயும் ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கும், நீங்க வேலிடான ஆர்க்யுமென்ட வெச்சுக்கிட்டு தப்பான முடிவுக்கு வந்து நிப்பீங்க. கோளாறு ஆர்க்யுமென்ட்ல இல்ல, "கரண்ட் போனா ஃபேன் நிக்கும்"ங்கற ப்ரெமிஸே அந்த வீட்ல பொய். ப்ரெமிஸ் உண்மையான்னு டேபிள் எந்தக் காலத்துலயும் பாக்காது, அதப் பாக்கறது எலக்ட்ரீஷியன் வேலை. இத இழுத்துக்கிட்டே போனா வேடிக்கையா ஆகும்: "கரண்ட் இருக்கு. கரண்ட் இல்ல. அதனால நான்தான் கலெக்டர்"னு போட்டுப் பாருங்க, ப்ரெமிஸ் எல்லாம் சேந்து உண்மையாகற வரியே கிடையாது, அதனால கெட்ட வரியும் கிடையாது, வேலிட்னு வந்து நிக்கும். கிளாஸ்ல இத போட்டதும் ஒரு சிரிப்பு வரும், அப்புறம் ஒரு அமைதி வரும். நம்ம ஊர்ப் பழைய தர்க்கம் இந்த வம்புலயே மாட்டல. மணிமேகலையோட 29வது காதையில மலை, புகை, அடுக்களைன்னு அந்த உதாரணம் வருமே, புகை இருக்கறதால இந்த மலையில நெருப்பு இருக்கு, அடுக்களை மாதிரின்னு, அங்க காரணமா காட்டற விஷயமே உண்மையா இருக்கணும், இல்லாட்டி அது போலின்னு தள்ளிடுவாங்க. வடிவத்த மட்டும் தனியா உரிச்சு எடுத்து சோதிக்கறது வேற வழி. அந்த வழிக்கான இந்த டேபிள் அச்சுல வந்து பரவுனது 1921ல, தத்துவவாதி விட்கன்ஸ்டைனும் கணித அறிஞர் எமில் போஸ்ட்டும் ஒரே வருஷத்துல தனித்தனியா வெளியிட்டாங்க. அதுக்கு முன்னாடியே, 1893ல, அமெரிக்காவுல சார்ல்ஸ் பியர்ஸ்ங்கற தர்க்க அறிஞர் கையெழுத்துப் பிரதியில போட்டு வெச்சிருந்தார், அது அப்ப அச்சேறல.

சரி, இப்ப நான் ரொம்ப முக்கியமா நெனைக்கற விஷயம். தமிழ்ல ஆர்க்யுமென்ட் எழுதறவங்க டேபிள் போடறதுல தப்பு பண்றது கம்மி, அதுக்கு முன்னாடி வாக்கியத்த அம்புக்குறியா ("க-ன்னா ந"ங்கறத க → ந-ன்னு) மாத்தறப்பதான் வழுக்கறாங்க, வழுக்க வைக்கறது பெரும்பாலும் "தான்"ங்கற ஒத்த சொல்லு. "கரண்ட் போனா ஃபேன் நிக்கும்"னா அம்பு க-லேர்ந்து ந-வுக்கு போகுது. "கரண்ட் போனாதான் ஃபேன் நிக்கும்"னு சொல்லிப் பாருங்க, அம்பு அப்படியே திரும்பிடும், ஃபேன் நின்னுருந்தா கரண்ட் போயிருக்கணும்னு அர்த்தமாயிடும். அந்த "தான்" இருந்திருந்தா உங்க ஆர்க்யுமென்ட் வேலிட், கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம். உங்க மனசுல ஓடினது "போனாதான்"ஆ இருக்கும், கை எழுதினது "போனா"ன்னு நான் சந்தேகப்படறேன், ஏன்னா நாம பேசும்போது ரெண்டையும் கலந்துதான் பேசறோம். "படிச்சா பாஸ் ஆவே"ன்னு அம்மா சொன்னா படிக்காட்டி ஆக மாட்டேங்கறதும் அதுக்குள்ள சேந்தேதான் வருது, ஆனா எழுத்துல அது இல்ல, டேபிள் எழுதினத மட்டும்தான் படிக்கும். அப்புறம் "படிச்சாலும் பாஸ் ஆக மாட்டான்"ல இருக்கற "ஆலும்" நிபந்தனையே இல்ல, பாஸ் ஆக மாட்டான்ங்கறதுதான் அதுல விஷயம், அதப் போய் அம்புக்குறி போட்டு எழுதற பசங்க உண்டு.

அவங்கள மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, நானே வழுக்கியிருக்கேன். வேலைக்கு சேந்த ரெண்டாவது வருஷம் இன்டர்னல் டெஸ்டுக்கு ஒரு கேள்வி குடுத்தேன்: "மெயின் சுவிட்ச் ஆனில் இருந்தால்தான் மோட்டார் ஓடும். மெயின் சுவிட்ச் ஆனில் இருக்கிறது. ஆகவே மோட்டார் ஓடும்." என் விடைத்தாள்ல வேலிட்னு எழுதி வெச்சு, அப்படியே திருத்தியும் முடிச்சுட்டேன். ஒரு பொண்ணு பேப்பர எடுத்துக்கிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, "சார், எங்க தோட்டத்துல சுவிட்ச் எப்பவும் ஆன்லதான் சார் இருக்கும், த்ரீ ஃபேஸ் வந்தாதானே ஓடும்"ன்னுச்சு. சிம்பல் ஒண்ணும் சொல்லல அந்தப் பொண்ணு, ஆனா கெட்ட வரிய கையில குடுத்துடுச்சு: சுவிட்ச் ஆன், மோட்டார் ஓடல, ரெண்டு ப்ரெமிஸும் உண்மை. "தான்"ஐ நான் படிக்கவே இல்ல. மொத்த கட்டையும் வாங்கி மறுபடி திருத்தினேன், மார்க் போனவங்க எல்லாம் வந்து சண்டை போட்டாங்க, அது வேற கதை.

"அல்லது"லயும் ஒரு சின்ன சிக்கல் இருக்கு. மெக்கானிக் "பிளக் போயிருக்கும், இல்லன்னா கார்பரேட்டர் அடைச்சிருக்கும்"ங்கறார், பிளக் போயிருந்துச்சு, அப்ப கார்பரேட்டர் நல்லாருக்குன்னு முடிவு பண்ணா டேபிள் ஒத்துக்காது, ரெண்டுமே கெட்டிருக்கற வரி அங்க இருக்கு. பிளக்க மாத்தியும் வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா அந்த வரியிலதான் நிக்கறீங்க.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் உறுதியான சமாச்சாரம். இப்ப சந்தேகமான இடத்துக்கு வர்றேன். அம்புக்குறிக்கு டேபிள்ல மூணாவது, நாலாவது வரியில "உண்மை"ன்னு போடறோமே, அது ஏன்னு எல்லாரும் கேப்பாங்க. வழக்கமா நான் சொல்ற பதில், 450 மார்க் வாங்கினா சைக்கிள் வாங்கித் தர்றேன்னு அப்பா சொல்றார், பையன் 430தான் வாங்கறான், அப்பா வாங்கித் தந்தாலும் தராட்டியும் அவர் வாக்கு தப்பினதா யாரும் சொல்ல முடியாது, அதனால பொய் இல்ல, பொய் இல்லன்னா இங்க உண்மைன்னுதான் போடணும், மூணாவது கட்டம் கிடையாது. பசங்க தலையாட்டிடுவாங்க. ஆனா இது முழு பதில் இல்லன்னு எனக்கே தெரியும். இதப் பாருங்க: "பரிகாரம் பண்ணா வேலை கிடைக்கும்"ங்கறது பொய்னு நான் சொல்றேன். டேபிள் கணக்குப்படி அம்புக்குறி பொய்யாகறது ரெண்டாவது வரியில மட்டும்தானே, அதாவது பரிகாரம் பண்ணியாச்சு, வேலை கிடைக்கல. அப்ப நான் ஜோசியத்த மறுத்து ஒரு வார்த்தை சொன்னதுலேர்ந்து "நீங்க பரிகாரம் பண்ணிட்டீங்க"ன்னு வேலிடா முடிவெடுக்கலாம்! நீங்க கோயில் பக்கமே போயிருக்க மாட்டீங்க. பேச்சுல ("போனா", "பண்ணா"ன்னு) வர்ற "ஆ"வும் டேபிள்ல வர்ற அம்பும் முழுசா ஒண்ணு இல்லங்கறது இதுல அப்பட்டமா தெரியுது. இந்தச் சண்டை ரொம்ப பழசு, கிறிஸ்து பிறக்கறதுக்கு 300 வருஷம் முன்னாடி கிரேக்கத்துல ஃபிலோன்னு ஒருத்தர் இப்ப நாம போடற அதே அர்த்தத்த சொன்னார், அவரோட ஆசிரியர் டயோடோரஸ் ஒத்துக்கல, கூரை மேல இருக்கற காக்கா கூட இதப் பத்திதான் கத்துதுன்னு ஒரு கவிஞர் கிண்டலே பண்ணியிருக்கார். இன்னைக்கும் தர்க்கம் படிச்சவங்களுக்குள்ள இதுல ஒருமித்த கருத்து கிடையாது. கணக்குல நிரூபணம் எழுத இந்த அம்பு பிரமாதமா வேலை செய்யுது, அதுல கை வைக்க மாட்டேன். தெருப் பேச்சுக்கு, அதுவும் "ஆ" வாக்கியத்த மறுக்கற இடத்துல, டேபிள் சொன்னத அப்படியே நம்பாதீங்க.

எந்த ஆர்க்யுமென்டையும் இதுல போடலாமான்னு கேட்டதுக்கு பதில், போடலாம், ஆனா இன்வேலிட்னு வந்தா கொஞ்சம் நிதானிக்கணும். "இந்த டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்கற எந்த வீட்லயும் கரண்ட் இல்ல. எங்க வீடு இந்த டிரான்ஸ்ஃபார்மர்லதான் இருக்கு. அதனால எங்க வீட்ல கரண்ட் இல்ல." சின்னப் பிள்ளைக்குக் கூட இது சரின்னு தெரியும். டேபிள் போட்டா மூணும் மூணு தனித்தனி வாக்கியம், மூணு தனி எழுத்து, முதல் ரெண்டு உண்மை மூணாவது பொய்னு ஒரு வரி வந்து இன்வேலிட்னு நிக்கும். ஏன்னா "எந்த", "எல்லா", "சில" எல்லாம் வாக்கியத்துக்கு உள்ள இருக்கு, டேபிளுக்கு வாக்கியத்தோட வெளிச்சுவர் மட்டும்தான் தெரியும். அதனால வேலிட்னு வந்தா, அம்புக்குறி தகராறு இல்லாத பட்சத்துல, வேலிட்தான். இன்வேலிட்னு வந்தா வாக்கியத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. உள்ள எட்டிப் பாக்கறதுக்கும் இதே மாதிரி மெஷின்தனமா ஒரு டேபிள் இருக்குமான்னு தேடினாங்க, எல்லா கேசுக்கும் சேத்து அப்படி ஒரு வழி இருக்கவே முடியாதுன்னு 1936ல கணித அறிஞர்கள் அலோன்சோ சர்ச்சும் ஆலன் டூரிங்கும் தனித்தனியா நிரூபிச்சுட்டாங்க.

டேபிளுக்கு இன்னொரு வியாதி அதோட உயரம். ஒவ்வொரு எழுத்து கூடும்போதும் வரி ரெண்டு மடங்கு ஆகும், மூணுக்கு 8, அஞ்சுக்கு 32, பத்துக்கு 1,024, இருபதுக்கு 10,48,576. பரீட்சையில நாலு எழுத்து வந்தாலே நான் பசங்கள பின்பக்கமா வரச் சொல்லுவேன். உதாரணத்துக்கு, அப்பா ஊருக்குப் போனா அம்மாவும் போவாங்க, அம்மா போனா பாட்டி தனியா இருப்பாங்க, பாட்டி தனியா இருந்தா நான் லீவு போடணும், நான் லீவு போடல, அதனால அப்பா ஊருக்குப் போகல. 16 வரி போட வேண்டாம். கெட்ட வரி ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கிட்டு அத கட்டிப் பாக்கறது: கன்க்ளூஷன் பொய்யாகணும், அப்ப அப்பா போயிட்டார். முதல் ப்ரெமிஸ் உண்மையாகணும்னா அம்மாவும் போயாச்சு. அப்ப பாட்டி தனி. அப்ப நான் லீவு. ஆனா லீவு போடலன்னு கடைசி ப்ரெமிஸ் சொல்லுது. முட்டிக்கிச்சு, கெட்ட வரிய கட்டவே முடியல, வேலிட். இலங்கையில ஏ லெவலுக்கு அளவையியல்னு (தர்க்கம்தான்) தனிப் பாடமே தமிழ்ல இருக்கு, அங்க படிச்சவங்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. ஆனா "அல்லது" நிறைய வந்தா இந்த வழியும் கிளை கிளையா பிரியும், எப்பவுமே வேகமா முடியற வழி ஒண்ணு இருக்கான்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. இது எவ்ளோ பெரிய கேள்வின்னு 1971ல கணினி விஞ்ஞானி ஸ்டீஃபன் குக் காட்டினார், 2000லேர்ந்து அதுக்கு பத்து லட்சம் டாலர் பரிசு காத்துக்கிட்டு இருக்கு.

கடைசியா எக்செல். உங்க ஃப்ரெண்டோட ஷீட்ட நான் பாக்கல, ஆனா அவர் "கரண்ட் போனா ஃபேன் நிக்கும்"ங்கறதுக்கு இஃப் ஃபங்ஷன போட்டு உள்ள க, ந ரெண்ட மட்டும் குடுத்திருப்பார்னு பந்தயம் கட்டறேன். பேரு இஃப்னு இருக்கறதால எல்லாரும் அதத்தான் போடுவாங்க. பொய்யானா என்ன காட்டணும்னு சொல்றதுக்கு அதுல மூணாவதா ஒரு இடம் இருக்கு, க பொய்யா இருந்து அந்த இடத்துல எதுவும் குடுக்காட்டி எக்செல் தானா ஃபால்ஸ்னு குடுத்துடும், அதாவது மூணாவது வரி, நாலாவது வரி ரெண்டும் பொய்யாயிடும், அம்புக்குறி காணாமப் போய் "க-வும் ந-வும்"ங்கற கூற்றா மாறிடும். அப்புறம் ரெண்டு ப்ரெமிஸும் உண்மையாகறது முதல் வரியில மட்டும்தான், எங்க வீட்டு கப்பாசிட்டர் இருந்த வரி செத்துப்போச்சு, வேலிட்னு வரத்தானே செய்யும். அந்த மூணாவது இடத்துல ட்ரூன்னு எழுதச் சொல்லுங்க, இல்லன்னா இஃபையே விட்டுட்டு ஆர் ஃபங்ஷனுக்குள்ள நாட் க, ந-ன்னு போடச் சொல்லுங்க, நீங்க கையால போட்ட அதே டேபிள் வரும்.